மீனுக்கு 'மறு அறிமுகம்' வேண்டாம், 'மீள்விடுகை' என்போம்

வணக்கம். ஒரு ஓடையில் அற்றுப்போன நாட்டு மீனைத் திரும்ப அதே ஓடையில் வாழவைப்பதற்கு 'மறு அறிமுகம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளுக்கு அறிமுகமானது ட்ரவுட். வெள்ளைக்காரர் தூண்டில் போட்டு மகிழக் கடல் கடந்து கொண்டுவந்த மீன் அது. இந்தத் தண்ணீரிலேயே தோன்றிய மீனையும் 'அறிமுகம்' என்றால் வந்தவருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே பெயராகிவிடும்.

'மீள்குடியேற்றம்' இன்னும் சிக்கல். மண்சரிவுக்குப் பிறகு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, விட்டு வேறிடம் போகிறவர்களுக்கும் நம் நாட்டில் அதே சொல்தான். போகும் இடம் புதிது, சொல்லில் மட்டும் 'மீள்' இருக்கிறது. மீன் விஷயத்தில் பழைய இடம் என்பதுதான் உயிர்நாடி. தவிர, அந்தச் சொல்லில் நம் சனங்களின் பாடு நிறைய இருக்கிறது. அதை மீனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'மீள்விடுகை'. குளத்தில் 'குஞ்சு விட்டாங்க' என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? வேலையும் அப்படித்தான். குஞ்சுகள் உள்ள பையைக் கட்டு அவிழ்க்காமல் ஓடையில் மிதக்க வைப்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளித்தண்ணீரும் ஒரே குளிர்ச்சிக்கு வந்ததும், ஓடைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்ப்பார்கள். கடைசியில் பையைச் சாய்த்துப் பிடித்தால் போதும், குஞ்சுகள் தாமாகவே நீந்திப் போகும். கொட்டுவதில்லை, விடுவதுதான்.

இந்த வேரை வைத்துக்கொண்டால் பக்கத்துச் சொற்களும் கிடைக்கின்றன. சிங்களத்தில் புலத் ஹப்பயா, அதாவது வெற்றிலை மெல்லுகிறவன், என்றொரு சின்ன மீன் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவந்துவிடும். களனி முதல் நில்வளா வரையான ஆறுகளுக்கு உரிய அதை மகாவலியிலும் கொண்டுபோய் விட்டார்கள். அது அதன் பழைய இடமல்ல, ஆகவே 'மீள்' சேராது. காப்பதற்காக இப்படி வெளியே கொண்டுபோய் விடுவதைப் 'புறவிடுகை' எனலாம்.

மூன்றாவது வகைதான் இடிக்கிறது. மலையகத்தின் மேற்கு ஓரத்தில், கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடப் பக்கம், பந்துல பெத்தியா என்ற மீன் இருக்கிறது. 1991இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. அதற்குள் மிக அருகிய இனமாகிவிட்டது. மீன் இன்னும் இருக்கிற அப்படியோர் ஓடையிலேயே, எண்ணிக்கை கூட மேலும் சிலவற்றை விட்டால் அதற்கு என்ன பெயர்? தேயிலை மலையில் செடி பட்டுப்போன இடத்தில் கன்று வைத்து நிரப்புகிறோமே, அந்த நினைவில் 'நிரப்புவிடுகை' என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் வாய்க்கு வழுக்கவில்லை. இதைவிட எளிய சொல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், மாற்றிக்கொள்கிறேன். 'மீள்விடுகை'யை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.