டிரோம்சோவில் இருட்டு மாதங்கள்: 20 மாதக் குழந்தையோடு வெளியே போவது எப்படி?

மகிழ் அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் மதுரைப் பக்கம். கணவருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் வேலை, ஆகஸ்டில் வடக்கு நார்வேயில் இருக்கும் இந்த டிரோம்சோ வந்து சேர்ந்தோம். மகள் மகிழுக்கு 20 மாதம். பார்னெஹாகெ என்கிற இங்கத்திய மழலையர் காப்பகத்தில் சேர்த்திருக்கிறோம். அங்கே மழையோ காற்றோ பார்ப்பதில்லை, தினமும் வெளியே விடுகிறார்கள். சாயங்காலம் கூப்பிடப் போனால் உடம்பெல்லாம் சேறும் வாயெல்லாம் சிரிப்புமாக வருகிறாள். சனி, ஞாயிறு வந்தால் எங்களுக்குத்தான் திண்டாட்டம். காலையிலேயே பூட்ஸைத் தூக்கிக்கொண்டு கதவடியில் போய் நின்றுவிடுகிறாள். எங்கே கூட்டிப்போவது, எவ்வளவு நேரம், எந்தக் குளிருக்கு மேல் கூடாது, ஒன்றும் தெரியவில்லை. கார் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் சூரியனும் வராது என்கிறார்கள். வீடியோ காலில் அத்தை, "பச்சைப் புள்ளைய ஏன்டி பனியில இழுத்துட்டுப் போறீங்க, சளி புடிச்சுக்கும்" என்று தினமும் வருத்தப்படுகிறார். அவர் சொல்வதைத் தள்ளவும் மனம் வரவில்லை. சின்னப் பிள்ளையோடு இங்கே குளிர்காலம் கழித்தவர்கள் சொல்லுங்கள். இரவு வானில் பச்சையாக ஆடும் வடஒளி பார்க்கவும் அவளைக் கூட்டிப்போகலாமா?

வடக்கே ஒரு வீடு எழுதியது:

மகிழ் அம்மா, சொந்த ஊர் நாகர்கோவில், இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் டிரோம்ஸ்டாலனில் இருக்கிறோம். மகனுக்கு இப்போது பள்ளி வயது, சின்னவளுக்கு மூன்று. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறும் உங்களுக்கு வியர்க்கும். வண்டிக்குள் இருக்கிற பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், உடம்பு சூடு பிடிக்க வழியில்லை. அதனால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை வைத்து அவளுடைய குளிரைக் கணக்குப் போடாதீர்கள். பின்கழுத்தில், காலருக்குள்ளே, விரலை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் துணி அதிகம், ஜில்லென்று இருந்தால் உடனே அவளை இறக்கி நடக்க விடுங்கள், அப்படியே வீட்டுப் பக்கம் திரும்புங்கள். கையைத் தொட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கை கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும்.

துணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளியோ ஃபிலீஸோ, எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத பார்க்டிரஸ், அதாவது உடம்பு முழுக்க மூடும் ஒற்றை உடை. ஊரிலிருந்து கொண்டுவந்த பருத்தி பனியனைக் கம்பளிக்கு உள்ளே போடாதீர்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே உடம்போடு ஒட்டிக் கிடக்கும், கம்பளி போட்ட பலனே போய்விடும். பூட்ஸில் கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் கால்விரல் அசைய இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் எத்தனை சாக்ஸ் போட்டாலும் கால் குளிரும். கொலுசு போட்டிருந்தால் குளிர்காலம் முடியும் வரை கழற்றி வையுங்கள், பூட்ஸுக்குள் வெள்ளி அழுத்தும், சில்லிடும். கையுறையை முதலில் மாட்டி, அதற்கு மேல் பார்க்டிரஸின் கையை இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டே நிமிடத்தில் கழற்றி எறிந்துவிடுவாள், இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். டயப்பரைக் கிளம்பும் கடைசி நிமிடத்தில் மாற்றுங்கள்.

குளிர் அளவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டிரோம்சோ 69 டிகிரி வடக்கில் இருந்தாலும் பக்கத்திலேயே வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் ஓடுவதால் நகரத்துக்குள் மைனஸ் 15 என்பதெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் பூச்சியத்தை ஒட்டியே ஏறி இறங்கும். உண்மையான தொல்லை காற்றும் ஈரமும்தான். மைனஸ் 8-இல் காற்றில்லாத நாள் அருமையான நாள். பிளஸ் 1-இல் சாய்மழையும் காற்றும் அடிக்கிற நாளில் பிள்ளை சீக்கிரம் நடுங்கிவிடும். யூர் வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் பாருங்கள். இன்னொரு தொல்லை, பனி பெய்து, மழை பெய்து, மறுபடி உறைந்து தெரு முழுக்கக் கண்ணாடியாகிவிடும். உங்கள் காலணிக்கு புரோடர் என்னும் ஆணிப்பட்டை இரண்டு ஜோடி இப்போதே வாங்கிவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுவதுதான் இங்கே எனக்குப் பெரிய பயம், குளிர் அல்ல.

எங்கே போவது? கார் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் பிரெஸ்ட்வான்னெ ஏரி. நகரம் அமைந்திருக்கும் தீவின் உச்சியில் இருக்கிறது, பேருந்தில் பக்கத்தில் வரை போகலாம். ஏரியைச் சுற்றிக் குழந்தை வண்டி போகும் பாதை, பிர்ச் மரங்கள். பறவைகளுக்காகவே காக்கப்படும் இடம் அது. கோடையில் செங்கழுத்து முக்குளிப்பான்கள் இங்கேதான் கூடு கட்டும், கரையிலிருந்தே பார்க்கலாம். ஏரியை முழுசாகச் சுற்றியே தீர வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எங்கள் சின்னவள் மகிழ் வயதில் இருந்தபோது பாதை ஓரத்து ஒரு மரப்பாலத்தைத் தாண்டியதே இல்லை. பாலத்தில் ஏறுவாள், குதிப்பாள், இடுக்கு வழியே கல் போடுவாள், மறுபடி ஏறுவாள். ஒரு மணி நேரம் அப்படியே போய்விடும். அதைத்தான் பயணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் போக வேண்டும் என்கிற ஆசை நம்முடையது. பிள்ளைக்கு ஒரு குழி, ஒரு குச்சி, கொஞ்சம் தண்ணீர் போதும். ஒரே இடத்துக்கு வாராவாரம் போனால் அவளுக்கு இடம் பழகிவிடும், பனி வந்ததும், உறைந்ததும், உருகியதும் அவளுக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: நவம்பரில் ஏரி உறைந்த மாதிரி தெரியும், மேலே கால் வைக்காதீர்கள்.

ஏரிப் பக்கம் தீவின் நெடுக விளக்குப் போட்ட பனிச்சறுக்குப் பாதை ஒன்று ஓடுகிறது. இருட்டு மாதங்களில் அது பெரிய வரம். ஆனால் சறுக்குவதற்காக இழைத்து வைத்த தடத்தின் மேல் நடக்கக் கூடாது, இங்கே அதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

இரண்டாவது, தீவின் தென்முனையில் ஃபோல்கெபார்க்கன் காடும் அதற்குக் கீழே டெலிகிராஃப்புக்தா கடற்கரையும். காட்டுக்குள் காற்று அடங்கிவிடும். காற்று குறைந்த நாளில் மட்டும் கரைக்கு இறங்குங்கள். சிப்பி, கடற்பாசி, கூழாங்கல் என்று அவளுக்கு ஒரு வாரத்துக்கான வேலை கிடக்கும். கோடை வந்தால் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே ஆர்க்டிக் மலைத் தாவரத் தோட்டம். 1994-இல் திறந்தது, கட்டணமில்லை, இமயமலை நீலப் பாப்பி கூடப் பூக்கும். கேபிள் கார் ஏறி 421 மீட்டர் ஸ்டோர்ஸ்டைனன் போவது விருந்தாளி வரும்போது போதும், மேலே காற்று கடுமை.

காட்டுக்குள் நுழையும்போது யார் நிலமோ என்று தயங்காதீர்கள். சாகுபடி செய்யாத நிலத்தில் யாரும் நடக்கலாம் என்பது 1957-ஆம் ஆண்டுச் சட்டம். குளிர்காலத்தில் தீ மூட்டிச் சுற்றி உட்காரவும் செய்யலாம். காட்டில் தீ மூட்டத் தடை இருப்பது ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரைதான். ஆனால் செங்குத்தான மலைச்சரிவு பக்கம் போகும் நாளில் வார்சோம் தளத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை பாருங்கள். சரிவில் ஏறினால்தான் ஆபத்து என்றில்லை, அடிவாரத்துக்கும் அது வந்து சேரும். பிள்ளையோடு போகும்போது தீவுக்குள்ளேயே இருந்துவிடுங்கள் என்பேன்.

சாப்பாட்டுக்கு அகல வாய் தெர்மாஸ். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, குழைந்த ரசம் சாதமோ பருப்பு சாதமோ சுடச்சுடப் போடுங்கள். பிள்ளைக்குக் கொடுக்கும் முன் சூடு பார்த்துக் கொடுங்கள், உள்ளே நெடுநேரம் கொதிக்கும். இட்லி வேண்டாம், வெளியே எடுத்த மறுநிமிடம் கட்டையாகிவிடும். கீழே விரித்து உட்கார ஃபோம் பாய் ஒன்று கட்டாயம்.

இருட்டைப் பற்றி: நவம்பர் 21 வாக்கில் சூரியன் மலைக்குப் பின்னால் போய், ஜனவரி 21 வாக்கில் திரும்பும். அதற்காக நாள் முழுக்க நடுராத்திரி இல்லை. காலை பத்து முதல் பகல் இரண்டு வரை நீல வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்தை விடாதீர்கள். மகிழின் உடையிலும் வண்டியிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை கட்டுங்கள். குழந்தைகள் நல நிலையத்தில் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள், நாளுக்கு 10 மைக்ரோகிராம் என்பது இங்கே பொது ஆலோசனை. நம் நிறத்துத் தோலுக்கு இது இன்னும் முக்கியம்.

வடஒளிக்கு நள்ளிரவு பேருந்துச் சுற்றுலா எடுக்காதீர்கள், மணிக்கணக்காகப் பேருந்திலும் குளிரிலும் பிள்ளை வாடிவிடும். நாம் இருப்பதே வடஒளி வளையத்துக்கு நேர் கீழே. குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கே இருட்டு, வானம் தெளிந்திருந்தால் சாப்பாடு முடித்துத் தூங்கும் முன் ஏரிப் பக்கம் ஒரு நடை. கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டால் நாளை.

அத்தையின் கவலை நியாயமான கவலை, ஊரில் ஈரக் காற்றில் வளர்ந்தவர் அப்படித்தான் பயப்படுவார். சளி வைரஸால் வருகிறது, இங்கே அது பெரும்பாலும் மூடிய அறையில்தான் பரவுகிறது. சொன்னால் நம்புவது கஷ்டம். என் அம்மாவுக்கு நான் காட்டியது, வெளியே நின்று வீடியோ கால் போட்டு, பிள்ளை பனியில் உருளுவதையும், உள்ளே வந்து உடை கழற்றும்போது கன்னமெல்லாம் சிவந்து உடம்பு சூடாக இருப்பதையும். அதற்குப் பிறகு அவரே "இன்னைக்கு வெளிய போகலையா" என்று கேட்க ஆரம்பித்தார்.

ஃபின்மார்க் பிள்ளை எழுதியது:

நான் பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊரில். 80களில் எங்கள் ஆட்கள் பலர் அங்கே மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவை, அம்மாவும் மீன் வெட்டுற வரிசையில் நின்றவ. தம்பியை பார்னெஹாகெயில் வண்டியோடு வெளியில் படுக்க வைத்திருக்கிறதை முதல்நாள் கண்டுவிட்டு அம்மா அழுதுகொண்டு வந்தவ. பிறகு அவவே வீட்டிலும் அப்படித்தான் படுக்க வைத்தா, உள்ளே படுத்தால் அரை மணித்தியாலம், வெளியில் என்றால் இரண்டு மணித்தியாலம் நித்திரை. வண்டிக்குள் ஆட்டுத்தோல் விரித்து, காற்றுப் படாத பக்கமாக விடுங்கோ, அடிக்கடி போய்ப் பாருங்கோ. மைனஸ் 10க்குக் கீழே போனால் நாங்கள் உள்ளுக்குள்ளேதான் படுக்க வைப்போம்.

மேலே அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நோர்வே மலையேற்றச் சங்கத்துக்குப் பிள்ளைகளுக்கென்று பார்னஸ் டூர்லாக் என்று ஒரு பிரிவு இருக்கு, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து போற நடைகளை அவையே ஒழுங்கு செய்வினம். பாஷை தெரியாட்டிலும் பரவாயில்லை. தீயில் சொசேஜ் வாட்டுற இடத்தில் பிள்ளைகள் தானாகச் சேர்ந்துவிடும், நீங்களும் நாலு தாய்மாரைப் பழகிக்கொள்ளலாம். முதல் குளிர்காலத்தில் தனிமைதான் கூடக் கஷ்டம், இருட்டு இரண்டாவது. இதை என் அம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன்.

கிருனா குமார் எழுதியது:

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்வீடன் கிருனாவில். இங்கே உள்நாடு, மைனஸ் 25 சாதாரணம். நீங்களும் எப்போதாவது உள்நாட்டுப் பக்கம் பயணம் வருவீர்கள் என்றால் கடற்கரைக் கணக்கை இங்கே போடாதீர்கள். மைனஸ் 20-க்குக் கீழே மகனை வாசலில் பத்து நிமிடம் பனி அள்ள விடுவேன், அவ்வளவுதான். மூக்கு நுனி, கன்னம் வெளுத்து மெழுகு மாதிரி தெரிந்தால் தேய்க்காமல் வெறும் கையால் மூடிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். காரில் வந்தால் இன்னொன்று: பருத்த குளிர் உடையோடு குழந்தை இருக்கையில் பெல்ட் போடாதீர்கள், விபத்து நேர்ந்தால் உடை அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். உடையைக் கழற்றிவிட்டுப் பெல்ட் போட்டு, மேலே போர்வை போர்த்துங்கள்.

மகிழ் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பிரெஸ்ட்வான்னெ போனோம். ஒரு தேங்கிய குட்டையிலேயே முழு நேரமும் நின்றாள், நாங்களும் அவசரப்படுத்தவில்லை. பின்கழுத்து கதகதப்பாகவே இருந்தது. அத்தைக்கும் வீடியோ போட்டோம், "கொலுச எங்கடி" என்று மட்டும் கேட்டார். கடைசியாக ஒன்று: பனி விழுந்த பிறகு வண்டிச் சக்கரம் ஓடாது என்கிறார்களே, பிள்ளையை உட்கார வைத்து இழுக்கும் புல்க் என்னும் சறுக்குவண்டி வாங்கத்தான் வேண்டுமா? விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

வடக்கே ஒரு வீடு எழுதியது:

புதிது வாங்காதீர்கள். தெருவில் நடக்க மட்டும் என்றால் முதுகுச் சாய்வு வைத்த சாதாரணச் சறுக்குவண்டி போதும், உள்ளே ஆட்டுத்தோல் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிச் சக்கரத்தில் மாட்டும் சின்ன ஸ்கீயும் விற்கிறார்கள். நீங்கள் ஸ்கீ கற்றுக்கொண்டு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போக ஆசைப்பட்டால்தான் புல்க். விளையாட்டுப் பொருள்களை இலவசமாக இரவல் தரும் புஆ நிலையங்கள் நாடு முழுக்க உண்டு, பக்கத்தில் எது என்று அவர்கள் தளத்தில் தேடுங்கள். ஃபின் தளத்தில் பழையது நிறைய வரும், வசந்தத்தில் விலை இறங்கும். பழையது வாங்கும்போது இரண்டைப் பார்த்து வாங்குங்கள்: உள்ளே தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட் அறுந்திருக்கக் கூடாது, இழுக்க விறைப்பான தடி இருக்க வேண்டும். கயிறு கட்டியதை வேண்டாம் என்றுவிடுங்கள், இறக்கத்தில் பிள்ளையோடு வந்து உங்கள் காலில் மோதும். எங்களுடையது சின்னவளுக்குச் சிறிதாகிவிட்டது, பரணில் கிடக்கிறது. இந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் வைத்துக்கொள்ளலாம், தனிச் செய்தியில் எழுதுங்கள்.