புதுப்பிப்பு: அப்பாவின் கணினி எழுந்துவிட்டது

மின்வெட்டுக்குப் பிறகு அப்பாவின் விண்டோஸ் 10 கணினி, பிழை காட்டும் நீலத்திரையோடு நின்றுவிடுகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். நேற்றிரவு சரியாகிவிட்டது.

விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளைத் திரைக்குப் போனேன். மூன்று நாள் அலைக்கழித்தது ஒரே ஓர் எழுத்து: அங்கே விண்டோஸ் இருந்த டிரைவ் ‘சி’ அல்ல, ‘டி’. முதலில் வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை ஓட்டி வட்டுப் பிழைகளைத் திருத்தினேன். பிறகு விண்டோஸின் கோப்புகளைச் சோதித்துத் திருத்தும் எஸ்எஃப்சி (sfc) கட்டளையில், விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஆஃப்பூட்டிர் (offbootdir), ஆஃப்விண்டிர் (offwindir) இரண்டுக்கும் ‘டி’ டிரைவைக் கொடுத்தேன். அது முடிந்ததும், சிதைந்த கோப்புகளைச் சரிசெய்துவிட்டதாகச் செய்தி வந்தது. கை நடுங்கியது.

அப்பாவின் பத்திர நகல்கள், அம்மாவின் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அழித்துவிட்டு மறுபடி நிறுவாமல் பொறுத்தது நல்லதாயிற்று. இப்போது அவற்றை வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன்.