சைக்காலஜி பிஎச்டி: டேட்டா எடுக்கப் போய் யாரிடமாவது மாட்டிக்கொண்டீர்களா?

எண்ணூர்_காத்து:
ஹெல்த் சைக்காலஜி. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்ததே, அதற்குப் பிறகு பெரியகுப்பம் பக்கம் மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது கேள்விதான், உங்களுக்குத் தெரியாததில்லை. மூன்றாவது, தூக்கம். மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையைக் கழுவிக்கொண்டே "தெனமும்தான் தூங்கறதில்ல" என்றார். 'ஏறக்குறைய தினமும்' என்பதற்கான 3-ஐ வட்டமிட்டேன். அவர் கை நின்றுவிட்டது. "இன்னாம்மா போட்ட? அவரு கடலுக்குப் பூடுவாரு. நானும் தூங்கிட்டா, அந்த வாசன திரும்ப வந்துச்சுன்னா புள்ளைங்கள யாரு எழுப்புறது? இது சீக்கா?"

அந்த 3 இன்னும் என் எக்செல்லில் இருக்கிறது. மொத்தம் 10 வந்தாலே மனச்சோர்வு இருக்கலாம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அக்கா அதைத் தாண்டிவிட்டார். கைடிடம் சொன்னேன். "டிஸ்கஷன் சாப்டர்ல ஒரு வரி எழுதிடும்மா" என்றார். ஒரு வரியாம்.

வியாசை_பொண்ணு:
எனக்கு டேட்டா எடுக்கப் போகாமலேயே நடந்தது. டெவலப்மென்டல் சைக்காலஜியில் சேர்ந்த செய்தி பரவியதும் எங்கள் பிளாக்கில் நான் டாக்டர் ஆகிவிட்டேன். மூன்றாவது மாடி அத்தை ராத்திரி பையனோடு வந்தார். எட்டு வயது, பேச்சு வரவில்லை. கட்டைப்பை நிறைய ஓபி சீட்டு. "ஐக்யூ ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து போட்டுக் குடு கண்ணு, சர்ட்டிபிகேட்டு வாங்கிக்கிறேன்." ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், பதிவு இல்லாமல் நான் போடக்கூடாது, போட்டாலும் செல்லாது என்று விளக்கினேன். சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தபடி கேட்டார்: "அப்ப நீ இன்னாதான் படிக்கிற?" குத்தலாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஸ்டான்லி_பக்கம்:
வியாசை, கோபிக்காதீர்கள். கையெழுத்து போட முடியாது, சரி. எங்கே போகணும் என்று சொல்லி அனுப்பினீர்களா? அதைக் காணோமே.

ஓட்டேரித் தம்பி ஒருவன் எனக்கு போன் செய்தான். "தலைப்பு கிளினிக்கல்தான் அண்ணா, முடிச்சா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானே?" இல்லை என்றேன். லைனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிறகு கேட்கிறான்!

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். ஆய்வுத் தலைப்பு வேறு, உரிமம் வேறு. 2017 மனநலச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்குச் சொல்வது ஆர்சிஐ ஒப்புதல் பெற்ற, நோயாளிகளோடு பயிற்சி உள்ள முழுநேரப் படிப்பு. அது இத்தனை நாள் இரண்டு வருட எம்ஃபில். யுஜிசி 2022-இல் எம்ஃபிலையே நிறுத்தியது. கிளினிக்கலுக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தது. இனி என்ன வழி என்பதை ஆர்சிஐ அறிவிப்பில் பாருங்கள், டியூஷன் சென்டர் நோட்டீஸில் அல்ல. வாத்தியார் வேலை, ஆராய்ச்சி, கம்பெனி என்றால் சோஷியல், ஸ்கூல், இண்டஸ்ட்ரியல், எதிலும் பிஎச்டி தாராளமாகச் செய்யலாம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, அதற்கு மேல் இரண்டு வருடம் நீட்டிப்பு கிடைக்கும். கைடு எந்தப் பிரிவில் வேலை செய்தவர் என்று பார்த்துச் சேருங்கள். காலியிடம் இருக்கிறதே என்று சேர்ந்தவர்களைத்தான் ஐந்தாவது வருடத்தில் டீக்கடையில் பார்க்கிறேன். வேலையில் இருந்தால் பார்ட் டைம், ஆபீஸில் ஆட்சேபணை இல்லை என்று என்ஓசி வாங்கினால் போதும்.

வியாசை_பொண்ணு:
ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன் அண்ணா. பையிலிருந்த சீட்டெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

மணலி_ஷிப்ட்:
"என்ஓசி வாங்கினால் போதும்"! வாங்கிப் பார்த்தீர்களா? நானும் இண்டஸ்ட்ரியல் பார்ட் டைம்தான். வேலை பார்க்கும் இடத்தைப் பற்றியே ஆய்வு என்றதும் எச்ஆரில் முதல் கேள்வி, "ரிப்போர்ட்ட எங்களுக்குக் காட்டுவீங்களா?" இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். டேட்டா எடுக்கும் அன்று சூப்பர்வைசர் கேன்டீன் வாசலில் கை கட்டி நின்றுகொண்டார். வந்த தாளில் எல்லாம் "மிகவும் திருப்தி". காண்ட்ராக்ட் ஆள் ஒருவர் மட்டும் ஒப்புதல் படிவத்தோடு நெருங்கி வந்து மெதுவாகக் கேட்டார், "சார், இதுல பேரு வேணாங்கற, அப்புறம் கையெழுத்து மட்டும் எதுக்கு?"

எதிக்ஸ் கமிட்டியில்கூட என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. கையெழுத்துத் தாள் தனியாக என்னிடம் இருக்கும், பதில்களோடு சேராது என்றேன். வாசலைத் திரும்பிப் பார்த்தார். இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.