சட்டத்தைச் செல்லாது எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு எங்கிருந்து வந்தது?

சட்டமாணவி எழுதிய கேள்வி:
அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை முதன்முறையாக முழுவதும் படித்து முடித்தேன். ஏழு கூறுகளும் பின்னாளில் சேர்ந்த 27 திருத்தங்களும்தான் மொத்தமும். முதற்கூறு சட்டமியற்றும் அதிகாரத்தைக் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கும், இரண்டாம் கூறு நிர்வாக அதிகாரத்தை அதிபருக்கும், மூன்றாம் கூறு நீதி அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கும் அளிக்கின்றன. ஆனால் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நம் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. அங்கே எழுதப்படாத ஓர் அதிகாரத்தை எல்லோரும் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பழைய வழக்கறிஞர்:
எல்லோரும் சுட்டிக்காட்டுவது 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் வழக்கைத்தான். அதிபர் ஜான் ஆடம்ஸ் 1801இல் பதவிக்காலம் முடியும் தறுவாயில் வில்லியம் மார்பரியை வாஷிங்டனில் அமைதி நீதிபதியாக, அதாவது சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக, நியமித்தார். நியமன ஆணை கையெழுத்தாகி முத்திரையும் இடப்பட்டுவிட்டது. உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. புதிய அதிபர் ஜெஃபர்சனின் வெளியுறவுச் செயலர் மேடிசன் அதைக் கொடுக்க மறுக்கவே, மார்பரி செயலுறுத்தும் நீதிப்பேராணை (கடமையைச் செய்யுமாறு அரசு அலுவலருக்கு நீதிமன்றம் இடும் கட்டளை) கேட்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார்.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தந்த விடையைக் கவனியுங்கள். மார்பரிக்கு உரிமை உண்டு, அதற்குச் சட்டத்தில் பரிகாரமும் உண்டு. ஆனால் இந்தப் பேராணையை நேரடியாக இங்கே கேட்க வழிசெய்த 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றத்துக்கு நேராக வரக்கூடிய வழக்குகள் எவை என வரையறுக்கும் மூன்றாம் கூறுக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார். ஜெஃபர்சன் மீறுவதற்கு ஆணை என்று எதுவுமே பிறக்கவில்லை. சிறியதொரு அதிகாரத்தைத் தனக்கு வேண்டாம் என்று சொல்லியே, சட்டங்களை எடைபோடும் பெரிய அதிகாரத்தை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்த நியமன ஆணையை அனுப்பிவைக்கத் தவறிய முந்தைய வெளியுறவுச் செயலர் வேறு யாருமல்லர், இதே மார்ஷல்தான். இக்காலத்தில் அப்படியொரு நீதிபதி அந்த வழக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

வரலாற்று வாசகர்:
மேலே சொன்னது சரிதான் என்றாலும், மார்ஷல் இதைத் தாமே கண்டுபிடித்தார் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. அரசியலமைப்பை மாநிலங்கள் ஏற்பதா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருந்த 1788இலேயே, அதை ஆதரித்து எழுதிவந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் இந்த வாதத்தை எழுதிவிட்டார். குதிரை வண்டிகளுக்கான வரி அரசியலமைப்புக்கு ஒத்ததா என்று 1796இல் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து, ஒத்ததே என்று தீர்த்தது. ஆராயவே அதிகாரமில்லை என்றால் அந்த விசாரணைக்குப் பொருளே இல்லை.

மேலும், நீதிமன்றத்தின் சொல்லே முடிவானது என்பதும் முழு உண்மையன்று. 1803க்குப் பிறகு காங்கிரசின் சட்டமொன்றை அது மீண்டும் வீழ்த்தியது 1857இல், விடுதலை கேட்டு வழக்காடிய அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில்; சில பகுதிகளில் அடிமை முறையைத் தடைசெய்த சட்டம் அது. கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்றும் சொன்ன அந்தத் தீர்ப்பை 1868ஆம் ஆண்டின் 14ஆவது திருத்தம் துடைத்தெறிந்தது. ஆனால் இடையில் ஓர் உள்நாட்டுப் போரே நடந்து முடிந்திருந்தது. திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும், அதாவது இன்றைய கணக்கில் 38 மாநிலங்களும் இசைய வேண்டும்.

சட்டமாணவி:
இருவருக்கும் நன்றி. நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லையே. அதிபர் பணிய மறுத்தால் என்ன ஆகும்?

பழைய வழக்கறிஞர்:
பணியவைக்கும் கருவி எதுவும் அதனிடம் இல்லை என்பது உண்மை. பணிந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். கொரியப் போரின் நடுவே எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகவே, ஆலைகளை அரசே எடுத்து நடத்துமாறு அதிபர் ட்ரூமன் 1952 ஏப்ரல் 8இல் ஆணையிட்டார். அப்படிக் கையகப்படுத்தும் அதிகாரத்தை வழங்கும் யோசனையைக் காங்கிரஸ் 1947இலேயே நிராகரித்திருந்தது. ஜூன் 2 அன்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதது என்றது. ஒன்பது நீதிபதிகளும் முந்தைய அதிபர் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். ட்ரூமனே அமர்த்திய இருவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய பக்கத்தில் நின்றனர். அன்றைக்கே ஆலைகள் உரிமையாளர்களிடம் திரும்பின. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர்; அது ஏழு வாரங்களுக்கு மேல் நீடித்தது.