புதுப்பிப்பு: எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் காரில் பின் பிஸ்டன் உள்ளே போகாத பிரச்சினை
பின் சக்கர பிரேக் பேட் மாற்றும்போது, பேட்டை டிஸ்க்மேல் அழுத்தும் பிஸ்டன் உள்ளே போகாமல் அசையவில்லை என்று கேட்டிருந்தேன். தீர்ந்தது. துரு காரணமில்லை, காலிப்பரில் (பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் பாகம்) உள்ள பார்க்கிங் பிரேக் மோட்டார் சுழற்றும் திருகின் நட் பிஸ்டனுக்குள் முன்னேறி நின்றிருந்தது. அப்படியே சி-கிளாம்ப் போட்டு நெருக்கினால் மோட்டாரின் கியருக்குத்தான் கேடு.

ஸ்கேனரில் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) சர்வீஸ் மோடு (பேட் மாற்ற பார்க்கிங் பிரேக்கைத் தளர்த்தி வைக்கும் நிலை) கொடுத்ததும் நட் பின்வாங்கியது. பிறகு நேராக அழுத்தியதே போதும், பிஸ்டனைச் சுழற்ற வேண்டியிருக்கவில்லை. மெதுவாக அழுத்துங்கள், பிரேக் ஆயில் மட்டம் ஏறும், வழிந்தால் பெயின்ட் உரியும்.

பேட்டரி சார்ஜர் மாட்டியிருப்பது நல்லது, வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் பாதியில் நின்றுவிடும். இடையில் பார்க்கிங் பிரேக் சுவிட்சை யாரும் தொடக்கூடாது (குழந்தைகள் காருக்குள் இருந்தால் இறக்கிவிடுங்கள்!).

புது பேட் மாட்டியதும் முதலில் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குங்கள். அதன்பிறகே சர்வீஸ் மோடிலிருந்து வெளியேற வேண்டும்.