தாத்தா போட்டோவில் இருக்கும் துப்பாக்கி எது?

தண்டையார்பேட்டை பேரன்:
வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரண் மேலே இருந்த டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பழைய போட்டோ கிடைத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் 1960லிருந்து 75 வரை இருந்தவர், அப்புறம் துறைமுகத்தில் வாட்ச்மேன். துப்பாக்கியை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்கிறார். மரக்கட்டை, ட்ரிகருக்கு முன்னால் நீட்டமாகத் தொங்கும் மேகஸின், பின்னால் தனியாக ஒரு கைப்பிடி. சீனாக்காரன் சண்டைக்குப் போனபோது எடுத்தது என்கிறார் பாட்டி. மாமாவோ அது பிரிட்டிஷ் காலத்து த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள்தான் என்று அடித்துச் சொல்கிறார். யாருக்காவது தெரியுமா?

பழைய பாரா:
த்ரீ நாட் த்ரீ இல்லை தம்பி, எஸ்.எல்.ஆர்., அதாவது செல்ஃப் லோடிங் ரைஃபிள். காவல்துறையில் ராத்திரி பாரா நிற்கும்போது இரண்டையும் தூக்கியிருக்கிறேன். த்ரீ நாட் த்ரீயில் தனிக் கைப்பிடி கிடையாது, மேகஸினும் குட்டையாக வயிற்றோடு ஒட்டியிருக்கும், 10 தோட்டா. ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். எஸ்.எல்.ஆரில் 20 தோட்டா, முதல் தடவை காக் பண்ணினால் போதும். ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வெடி, அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். காலியாகவே 4 கிலோவுக்கு மேல். உதையைப் பற்றிக் கேட்காதே, ரேஞ்சுக்குப் போய்வந்தால் இரண்டு நாள் தோள் நம்முடையதாக இருக்காது.

ராயபுரம் ரீல்:
அண்ணன் சொன்னது சரி. இதன் பூர்வீகம் பெல்ஜியம். எஃப்.என். என்ற ஆயுதக் கம்பெனியின் டியூடோனே சைவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். ரைஃபிள், இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் வந்தது. குழாயில் போகும் வாயுவில் கொஞ்சம் மேலே இருக்கும் சிலிண்டருக்குத் திரும்பி பிஸ்டனைத் தள்ளும், அது போல்ட்டைத் தள்ளும், காலித் தோட்டா வெளியே, புதுசு உள்ளே. மூல எஃப்.ஏ.எல்.லில் சடசடவென்று சுடும் வசதியும் உண்டு. ஆனால் அந்தத் தோட்டாவுக்கு அப்படிச் சுட்டால் துப்பாக்கி வானத்தைத்தான் பார்க்கும், அதனால் பிரிட்டிஷ்காரர்கள் அதை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுடும் எல்1ஏ1 ஆக்கினார்கள். 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து சண்டையில் இரண்டு பக்கமும் இதே குடும்பத்துத் துப்பாக்கிதான், ஒரே தோட்டா!

நம் ஊர் எஸ்.எல்.ஆரின் பெயர் 1ஏ1. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, பெல்ஜிய மாடல்களைப் பிரித்துப் பார்த்து அளவெடுத்து, வங்காளத்தில் ஹூக்ளி ஓரம் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தார்கள். அது 62க்கு அப்புறம். சீனா சண்டையில் நம் ஆட்கள் கையில் பெரும்பாலும் த்ரீ நாட் த்ரீதான். அதனால் பாட்டி சொல்லும் வருஷம் கொஞ்சம் இடிக்கிறது. 71 சண்டையில் எஸ்.எல்.ஆர். இருந்தது, 90களில் இன்சாஸ் என்ற நம் நாட்டு ரைஃபிள் வரும்வரை ராணுவத்தில் ஓடியது.

தண்டையார்பேட்டை பேரன்:
பாட்டியிடம் சொன்னேன். "அவரு ரெண்டு மூணு சண்டைக்குப் போனாரு, எது எதுன்னு நான் கண்டேனா" என்று சிரிக்கிறார். மாமா மட்டும் இறங்கிவரவில்லை. தாத்தாவுக்குப் பின்னால் நிற்பவர் கையில் இருப்பதாவது த்ரீ நாட் த்ரீதானே என்கிறார். பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் தனிக் கைப்பிடி இல்லை.

ராயபுரம் ரீல்:
மாமாவுக்கு அதிலும் ஒரு கண்டம் இருக்கு. 62க்கு அப்புறம் இஷாப்பூரில் த்ரீ நாட் த்ரீ உடம்பிலேயே எஸ்.எல்.ஆர். தோட்டா போடுகிற மாதிரி 2ஏ1 என்று ஒன்று செய்தார்கள். பார்த்தால் அச்சு அசல் அதேதான், மேகஸின் மட்டும் கொஞ்சம் சதுரமாக, 12 தோட்டா. அந்த ஆளின் மேகஸின் தெரிகிறதா?

தண்டையார்பேட்டை பேரன்:
அந்த இடத்தில்தான் தாத்தாவின் முழங்கை மறைக்கிறது.