ஸ்டீரியோ சாட்டிலைட் படத்துல டெம் எடுத்தேன், புக்கிட் தீமாவையே காணோம்

தேக்கா_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைமா படிக்கிறேன், ஸ்டீரியோ சாட்டிலைட் படத்துல (ஒரே இடத்தை ரெண்டு கோணத்துல எடுத்த ஜோடிப் படம்) இருந்து ஆட்டோமேட்டிக்கா டெம், அதாவது தரை உயர மாடல், எடுக்குறதுதான் ப்ராஜெக்ட், நானே கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டேன். ஆஸ்டர்ங்கிற சாட்டிலைட் கருவியோட படம் ஃப்ரீயா கிடைக்குதேன்னு சிங்கப்பூர் சீன் ஒண்ணு இறக்கி நாசாவோட ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன் சாஃப்ட்வேர்ல ஓட்டினேன், ராத்திரி பூரா லேப்டாப் ஃபேன் கத்துச்சு, காலையில பாத்தா கடல் நடுவுல மலை நிக்குது, புக்கிட் தீமா மலை இருக்க வேண்டிய இடத்துல பெரிய ஓட்டை, தெம்பனிஸ் பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி ஒரே குழி. செட்டிங் தப்பா, படம் தப்பா?

செங்காங்_வாசி:
தம்பி, செட்டிங் இல்ல, ஊருதான் தப்பு லா.

ஆஸ்டர்ல ஒரு கேமரா நேர் கீழ பாக்கும், இன்னொண்ணு 27.6 டிகிரி பின்னால சாஞ்சு பாக்கும். ஒரே இடத்தை ரெண்டாவது கேமரா எடுக்குறதுக்குள்ள சுமார் 55 விநாடி ஓடிடும். தரை அசையாது, மேகம் அசையும், அலையும் அசையும். சாஃப்ட்வேருக்கு எது மேகம் எது மலைன்னு தெரியாது, ரெண்டு படத்துலயும் ஒரே புள்ளி எங்க இருக்குன்னு தேடி, எவ்வளவு தள்ளியிருக்கோ அதை உயரமா மாத்தும், அவ்வளவுதான். கடல்ல பிடிச்சுக்க ஒரு அடையாளமும் இல்லாததால கண்டதைப் பிடிச்சு மலையாக்கிடுச்சு. புக்கிட் தீமா மேல மேகம் இருந்திருக்கும், படத்தைத் திறந்து பாரு.

இப்ப கணக்குக்கு வா. ஒரு பிக்சல் 15 மீட்டர். ரெண்டு பார்வைக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை சாட்டிலைட் உயரத்தால வகுத்தா 0.6 வரும். ஒரு பிக்சல் பிசகினா 15 வகுத்தல் 0.6, உயரத்துல 25 மீட்டர் போச்சு, அரை பிக்சல்னாலும் 12.5. நம்ம தீவுல உசந்த இடமே 164 மீட்டர்தான், மிச்சத்துல பாதிக்கு மேல 15 மீட்டருக்குக் கீழ. நீ அளக்க வந்த மேட்டை விட உன் பிழையே பெருசு.

கோப்பி_ஓ_கோசோங்:
அந்த அம்மைத் தழும்பெல்லாம் வீவக ப்ளாக்குங்க, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுங்க. ஒரு ப்ளாக்கோட அகலம் கிட்டத்தட்ட ஒரு பிக்சல், அதுல நிழல் வேற. இன்னொரு விஷயம், ஸ்டீரியோல வர்றது தரை இல்ல, மேல இருந்து கண்ணுக்குத் தெரியுற பரப்பு, அதாவது மொட்டை மாடியும் மர உச்சியும். காட்டுக்குள்ள தரை எங்கன்னு அதுக்குத் தெரியாது, அதுக்கு லேசர் அடிச்சு அளக்குற லைடார்தான் வேணும். சிங்கப்பூர் சாட்டிலைட் டெலியோஸ்-1 மாதிரி 1 மீட்டர் பிக்சல் படம் கிடைச்சா ப்ளாக்காவது ப்ளாக்கா தெரியும், ஆனா அதெல்லாம் காசு, மேகமும் அப்படியேதான் இருக்கும்.

செங்காங்_வாசி:
ஊர்ல மலை இருக்கா? அங்க போடு. முதல்ல ரெண்டு படத்தையும் ஏற்கனவே ரெடியா கிடைக்கிற கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் டெம் மேல விரிச்சு மேப் ப்ராஜெக்ட் பண்ணிட்டு அப்புறம் மேட்ச் பண்ணு, செங்குத்துச் சரிவுல ரெண்டு கேமராவுக்கும் மலை வேற வேற மாதிரி தெரியும், அந்த வித்தியாசம் பாதி இங்கயே அடங்கிடும். புள்ளியைத் தேடுறதுக்கு டீஃபால்ட் ப்ளாக் மேட்சிங் முறை வேணாம், எம்ஜிஎம் முறையைப் போடு, மெமரி தின்னும், பரவால்ல.

தேக்கா_தம்பி:
நாமக்கல்தான் அண்ணே எங்க ஊரு, கொல்லிமலை போட்டேன்! பிப்ரவரி மாசப் படம், ஒரு பொட்டு மேகம் இல்ல. விளிம்பு கத்தி மாதிரி வந்திருக்கு, 70 கொண்டை ஊசி வளைவு ஏறுற சரிவு எதுன்னு கண்ணால பாத்தே சொல்லலாம் (ரோடு தெரியல, அது எதிர்பார்த்ததுதான்). ஆனா எல்லா இடமும் மேப்ல இருக்கிறதை விட எண்பது தொண்ணூறு மீட்டர் கீழ காட்டுது. மறுபடி என்ன தப்பு பண்ணேன்?

கோப்பி_ஓ_கோசோங்:
ஒரு தப்பும் இல்ல. சாஃப்ட்வேர் குடுக்கிறது எலிப்சாய்டுல (பூமிக்குக் கணக்குக்காக வச்சிருக்கிற வழுவழு உருண்டை) இருந்து உயரம், மேப்ல இருக்கிறது கடல் மட்டத்துல இருந்து. தென்னிந்தியாவுல கடல் மட்டமே எலிப்சாய்டுக்கு அவ்வளவு கீழ கிடக்கு, மெரினா பீச்சையே மைனஸ்ல காட்டும். சிங்கப்பூர்ல வித்தியாசம் ஏழெட்டு மீட்டர்தான், அந்தக் குப்பைக்குள்ள உன் கண்ணுல பட்டிருக்காது. இதைக் கடல் மட்ட உயரமா மாத்த டெம்_ஜியாய்டுன்னு ஒரு டூல் அதுலயே இருக்கு, ஒரு தடவை ஓட்டு. விரிக்கிறதுக்குப் போட்ட கோப்பர்நிக்கஸும் கடல் மட்டக் கணக்குதான், அதை எலிப்சாய்டுக்கு மாத்தினியா? இல்லேன்னா அதை முதல்ல மாத்திட்டு மறுபடி ஓட்டு.

தேக்கா_தம்பி:
மாத்தல அண்ணே 😅 இன்னைக்கு ராத்திரியும் ஃபேன் கத்தப் போகுது.